சுரக்குடிக்குக் கொண்டுபோன குரல்

காரைக்காலுக்கு வரவேற்கும் வளைவைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் தெரிந்தது, நான் நின்ற இடம் பூவம். சாலையின் இரண்டு பக்கமும் மதுக்கடைகள். காலை பத்து மணிக்கே அங்கே கூட்டம்.

"எங்கம்மா போவணும்?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"சுரக்குடி."

"அதுக்கு ஏன் இங்க எறங்குனீங்க? இது எல்லைதான். ஊரு இன்னும் தூரம் இருக்கு. பெட்டியில என்னங்க, மடியிலயே வெச்சிருக்கீங்க?"

"ஒருத்தருக்குப் பேச்சு வர்றதுக்கு ஒரு கருவி" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார். டீக்குக் காசு வாங்கவில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. பினாங்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அச்சுப் போடுகிறவள். கல்யாணப் பத்திரிகைக்கும் பனியனுக்கும் சட்டத்தில் வலை கட்டி மை தள்ளுவார்களே, அதே வேலைதான். எங்கள் மையில் கரித்தூளும் வெள்ளித்தூளும் கலந்திருக்கும், அதனால் அதில் மின்சாரம் ஓடும். துணியில், காகிதத்தில், பாலிதீன் தாளில், எதில் வேண்டுமானாலும் அச்சிடலாம். மடக்கினாலும் இழுத்தாலும் அறுந்துபோகாது. மார்பில் ஒட்டி இதயத்துடிப்பு பார்க்கும் வில்லை, மருந்துப் பெட்டியின் சூட்டைச் சொல்லும் ஒட்டுத்தாள் என்று இந்தச் சில வருடங்களில் என்னென்னவோ வந்துவிட்டன. எங்கள் கூடத்தில் செய்தது ஒரு கழுத்துப் பட்டை. பேச்சு போனவர் வாயை மட்டும் அசைத்தால்கூடத் தொண்டைத் தசை மிக லேசாக அசையும். துணியில் இருக்கும் மைக்கோடு அதை உணரும். கைபேசி அதைப் படித்து, அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லும்.

சரண்யா என்ற பெண் பெங்களூரிலிருந்து எங்களுக்கு எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா ஞானசேகரன் மின்துறையில் லைன்மேன். ஒருநாள் கம்பத்தின் மேல் இருக்கும்போது கையில் பிடி விட்டுப்போயிற்று. தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். கை போய், கால் போய், பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. கூடத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பட்டையைத் தபாலில் அனுப்பி, முப்பது வாக்கியங்களுக்கு அப்பா வாயசைப்பதைச் சரண்யாவை விட்டுப் பதிவு செய்யச் சொன்னேன். வீடியோவில் பேசும்போது, "கவலைப்படாதே, அப்பா பேசுவார்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

நான் வந்திறங்கிய அன்று சனிக்கிழமை. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சனி பகவானைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம். என் காதுக்கருகே இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் எனக்கு மொழிபெயர்த்தார்: "குளத்துல முழுகிட்டுத் துணிய அங்கயே விட்டுடணுமாம். திரும்பிப் பாக்கக் கூடாதாம்." பினாங்கில் தைப்பூசக் கூட்டம் இதைவிடப் பெரியது. ஆனால் அங்கே கூட்டம் நடக்கும். இங்கே முழுக் கூட்டமும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் அறை. அங்கிருந்து சுரக்குடிக்கு ஆட்டோ. சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வாசலில் சரண்யாவின் அம்மா வசந்தா அக்கா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "வாங்கம்மா, வாங்க. அவரு காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

கூடத்தில் சாய்வுக் கட்டிலில் ஞானசேகரன் அண்ணன் இருந்தார். நீளமான ஆள்; உடம்பு வற்றியிருந்தது, கண்கள் மட்டும் நல்ல சுறுசுறுப்பு. பட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கருப்புக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவர் கண் அதன் மேலேயே ஓடியது. லைன்மேன் லைனைப் பார்க்கிற பார்வை அது.

"ஆமான்னா கண்ண மூடுவாரு. இல்லைன்னா தொறந்தே வெச்சிருப்பாரு. அதுதான் இப்ப எங்களுக்குப் பேச்சு" என்றார் அக்கா.

அன்று மதியம் எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் கஞ்சி. ஒவ்வொரு கரண்டிக்கும் இருமல். அக்கா முதுகைத் தட்டிவிட்டு அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தார். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு அக்கா அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். "அவரு எதிர எனக்கு எறங்காதும்மா" என்றார். குழம்பு அருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குரலுக்கு மாதிரி வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்ததால் அக்காவுக்கென்று அவர் பேசி அனுப்பிய பதிவு ஒன்றுகூட இல்லை. மகளோடு ஃபோனிலேயே பேசிவிடுவார். கிடைத்ததெல்லாம் உடன் வேலை பார்த்தவர்களுக்கு அவர் அனுப்பியவை: "சுரக்குடி லைன் ஆஃப் பண்ணியாச்சு." "நான் சொல்ற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க." அவற்றை வைத்துத்தான் கைபேசியின் குரலைத் தயார் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை அதை முதல்முறை ஒலிக்கவிட்டபோது, "தண்ணி குடு" என்பதுகூட எச்சரிக்கை மாதிரிதான் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா திரும்பி வந்ததும் பட்டையைக் கட்டினேன். அண்ணன் உதட்டை அசைத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று எனக்கே தெரிந்தது. கைபேசி, "கதவ சாத்து" என்றது.

அக்கா சிரித்துவிட்டார். அண்ணன் கண்ணிலும் சிரிப்பு இருந்தது. மறுபடி முயன்றார். "கதவ சாத்து." மூன்றாவது முறை யாரும் சிரிக்கவில்லை.

"வேர்வைதான் காரணம் அக்கா. இந்த ஊர் வெக்கைக்கு உப்பு இறங்கிடுச்சு" என்றேன். அதில் பாதி உண்மை. கணினியில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு மேலும் கீழும் துள்ளிய கோடு இப்போது தரையோடு கிடந்தது.

திங்கட்கிழமை காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய், காயத்தின் மேல் தண்ணீர் படாமல் ஒட்டுகிற மருந்துத்தாள் வாங்கினேன். திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவின் சக்கரம் பஞ்சர். மாற்றும்வரை கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு அம்மாள் வாடா சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். நடுவில் இறால் பதித்த மொறுமொறுப்பான பலகாரம்.

"பினாங்கா? எங்க மாமு அங்கதான் கடை வெச்சிருந்தாங்க. அங்கயே மவுத்தாயிட்டாங்க" என்றார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பேச்சு வந்துடுமா?"

"தெரியலம்மா" என்றேன். யாரோ ஒருவரிடம் சொல்ல முடிந்ததை அந்த வீட்டில் சொல்ல முடியவில்லை.

சுரக்குடிக்குத் திரும்பி, வாங்கிய தாளால் பட்டையின் விளிம்பை ஒட்டி மூடினேன். வியர்வை இறங்கவில்லை. கோடு அப்படியேதான் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "முப்பது வாக்கியம் முடியாது. தசை ரொம்பத் தளர்ந்துடுச்சு. அஞ்சு வாக்கியம் மட்டும் புதுசா பழக்கலாம். ஒண்ணுக்கொண்ணு நீளம் மாறி இருக்கணும், அப்பதான் கருவி பிரிச்சுப் பாக்கும். அதுவும் எத்தனை நாளுக்குன்னு சொல்ல முடியாது."

அக்கா என்னையே பார்த்தார். "பேசுவாருன்னு சொன்னீங்களேம்மா."

"சொன்னேன் அக்கா. தப்பு என்மேலதான்."

அவர் பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனார். எந்த ஐந்து என்று அண்ணனிடமே கேட்பதற்காக ஒரு தாளில் எழுத்துகளை வரிசையாக எழுதினேன். என் விரல் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்தில் அவர் கண்ணை மூடுவார். முதுகு சொறிய ஒன்று. மின்விசிறியைக் குறைக்க ஒன்று. பார்க்க வருபவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து புத்தி சொல்கிறார்களாம், அவர்களுக்காக, "சரி, போயிட்டு வாங்க." நான் சிரித்தேன். நாலாவது, "வசந்தா, இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரு."

ஐந்தாவதுக்கு ஆ, ஸ், ப என்று வந்தது.

"ஆஸ்பத்திரியா?"

கண் மூடியது. பிறகு வே.

"வேணுமா?" திறந்தே இருந்தது. "வேணாமா?"

மூடினார்.

எனக்கு விஷயம் தெரியும். மூச்சு குறைந்துகொண்டே வருவதால் வரும் திங்கட்கிழமை புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இயந்திரம் மூச்சுவிடும், வருடக்கணக்கில்கூட இருக்கலாம். சரண்யா டாக்டரிடம் நடையாக நடந்து ஏற்பாடு செய்திருந்தாள். துளை போடும் இடம் எங்கள் பட்டை உட்காரும் அதே இடம். குழாய் வந்துவிட்டால் பட்டை இல்லை.

"அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" கண் திறந்தே இருந்தது.

"நீங்களேதான் சொல்லணுமா?"

கண்ணை மூடி, வெகுநேரம் திறக்கவில்லை.

அந்தத் தாள் ஒன்றே போதுமே என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் தாளைப் பிடிக்க ஒருவர் வேண்டும். பிடிப்பவர் கேட்கவும் வேண்டும். கண்ணால் அவருக்குப் பதில்தான் சொல்ல முடிந்தது. இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

புதன் முதல் வெள்ளி வரை பழக்கினோம். காலையில் தசைக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். வெயில் ஏறுவதற்குள் சோர்ந்துவிடுவார். ஐந்தாவது வாக்கியத்தை அக்கா வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போகும் நேரத்தில் பழக்கினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவர்களிடம் மறைக்கிறேன் என்று இருந்தது. ஆனால் மற்ற நாலைவிட அதைத்தான் அவர் பாடுபட்டுச் சொன்னார். நெற்றியில் நரம்பு புடைக்கும். அதன் கோடு மட்டும் திரையில் தெளிவாக எழும்பியது.

சனிக்கிழமை சரண்யா வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், ஓடி ஓடிக் களைத்த முகம். வந்ததும் அப்பாவின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் உதட்டை அசைத்தார். "முதுக சொறி" என்றது கைபேசி. அவள் சொறிந்துவிட்டுக்கொண்டே அழுதாள், சிரித்தாள். "புவனாக்கா, இது அப்பா குரலேதான். எப்பவும் இப்படித்தான் அதட்டுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

ஞாயிறு காலை, சரண்யா கூடத்தில் உட்கார்ந்து வேட்டி, துண்டு, ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். பட்டையைக் கட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. கட்டினேன். அக்காவை உள்ளே கூப்பிட்டேன்.

அவர் உதட்டை அசைத்தார்.

"ஆஸ்பத்திரி வேணாம்."

சரண்யா கையில் துண்டோடு நிமிர்ந்தாள். "என்னப்பா?"

"ஆஸ்பத்திரி வேணாம்."

"புவனாக்கா, இது தப்பாத்தான சொல்லுது? அன்னைக்குத் தண்ணி கேட்டா கதவ சாத்துன்னுச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அது மாதிரி?"

ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்தபோது அப்படிச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றவும் செய்தது.

"தப்பில்ல சரண்யா. அவர்தான் சொல்றார்."

"இந்த வார்த்தைய யாரு இதுல போட்டது?"

"அப்பாதான். எழுத்தெழுத்தா காட்டினார்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. நான்தானக்கா உங்கள வரச் சொன்னேன்! அப்பா பேசணும்னு நான்தான் கெஞ்சினேன்!" அவள் எழுந்து வந்து பட்டையை அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"விடு" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. கழுத்துல கொழா வெச்சா மெஷினு மூச்சு வுடும். நானும் புள்ளையும் பாத்துக்குவோம். எங்களுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது. வெக்கலாமா?"

கண்கள் திறந்தே இருந்தன.

"வேணாமா?"

மூடினார். அவர் திறக்கும்வரை அக்கா காத்திருந்தார். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் மூடினார். இமையின் ஓரத்தில் வழிந்த நீரை அக்கா முந்தானையால் ஒற்றினார்.

சரண்யா வெளியே போய் மோட்டார் கொட்டகை ஓரமாக நின்றாள். நான் பின்னால் போகவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அக்கா என்னிடம். "பசிக்குதா, வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா, எல்லாம் கேட்டேன். இத மட்டும் கேக்கல. கேட்டா சொல்லிப்புடுவாருன்னு பயம்."

திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சரண்யாவே பேசினாள். பிறகு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு மட்டும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். அண்ணனின் கையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டபோது, "சரி, போயிட்டு வாங்க" என்றது கைபேசி. அக்கா சாலை வரை வந்தார். ஆட்டோ வருவதற்குள் சரண்யாவும் வந்து நின்றாள்.

"அப்பா பேசணும்னுதான் ஆசப்பட்டேன். இதப் பேசுவாருன்னு நெனைக்கலக்கா" என்றாள். அவளே என் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள்.

அக்கா சொன்னார்: "நீங்க வந்தது நல்லதா இல்லையான்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியலம்மா. போய்ச் சேந்ததும் ஒரு ஃபோன் போடுங்க."

பட்டை அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வேலை செய்தது. பிறகு எந்த வாக்கியத்துக்கும் கோடு எழும்பவில்லை. பினாங்கில் இருந்தபடியே நான் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் கூடத்துக் கூட்டத்தில், பயனாளர் சொல்ல விரும்பியதைக் கருவி சரியாகச் சொன்னது என்று என் அறிக்கையைப் படித்துக் கைதட்டினார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி மழையில் அண்ணன் போனார். நாலு நாள் கழித்துச் சரண்யா கூப்பிட்டாள். அச்சு அறையில் கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன். ஒன்றைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"கடைசி அன்னைக்கு ரொம்ப மூச்சுத் திணறுச்சுக்கா. ஆம்புலன்ஸ் நம்பரப் போட்டுட்டுக் கட் பண்ணேன். மறுபடி போட்டேன், கட் பண்ணேன். அன்னைக்கு வேணாம்னு சொன்னாரு, சரி. அதுக்கப்புறம் மனசு மாறியிருந்தா? மாத்திச் சொல்ல அவருக்கு ஒண்ணுமே இல்லையே."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"அம்மா கேட்டாங்க. போலாமான்னு. கண்ணத் தொறந்தே வெச்சிருந்தாரு. வேணாம்னு சொன்னாரா, இல்ல சும்மா எங்களப் பாத்துக்கிட்டு இருந்தாரான்னு எனக்குத் தெரியலக்கா. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்ல, நீங்க சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு கைபேசி கை மாறியது.

"புவனா, நாந்தான்" என்றார் வசந்தா அக்கா. "அவ இதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்குறா. நீ மனசுல போட்டுக்காத. அவரு என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

பிறகு அவர்தான் வைத்தார். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.